மூட்டு அழற்சி, தன்னழற்சி நோய் ஆய்வுகள்: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

முடக்குவாதத்துக்கோ (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), காரணம் தெரியாமல் வந்து வந்து போகும் காய்ச்சலுக்கோ தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சிகிச்சை பெறுகிறவர்களிடம் ஒருநாள் டாக்டர், "ஒரு ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா?" என்று கேட்கலாம். கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் கத்தையாக ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார். வீட்டுக்கு வந்த படிவம் பெரும்பாலும் கரண்ட் பில்லுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நான் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறவள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் என்று பல இடங்களிலிருந்தும் வரும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். அவற்றுக்கான பதில்கள் இங்கே. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடக்குவாதம் தெரியும். தன்னழற்சி நோய் என்றால் என்ன?

நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி இரண்டு அடுக்காக வேலை செய்கிறது. ஒன்று பிறவியிலேயே இருப்பது. கிருமி என்று எதைக் கண்டாலும் உடனே பாய்வது. இன்னொன்று, பார்த்துப் பழகி, ஆளை அடையாளம் வைத்துக்கொண்டு தாக்குவது. முடக்குவாதத்தில் தப்பு நடப்பது பெரும்பாலும் இரண்டாவது அடுக்கில். அதனால்தான் ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்று எதிர்ப்பொருள்களைத் தேடுகிறார்கள். தன்னழற்சி நோய்களில் முதல் அடுக்கு தானாகவே தீப்பிடிக்கிறது. கிருமி எதுவும் இல்லாமல் காய்ச்சல், தோல் தடிப்பு, வயிற்று வலி, மூட்டு வீக்கம் எல்லாம் வரும், சில நாளில் அடங்கும், மறுபடி வரும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு எகிறியிருக்கும், எதிர்ப்பொருள் ஒன்றும் அகப்படாது.

இந்தப் பெயரே புதிது. 1999-இல் அமெரிக்காவின் டேனியல் காஸ்ட்னர் குழுவினர் வைத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1997-இல், தன்னழற்சி நோய்களில் ஒன்றான குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சலுக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்திருந்தார்கள். 2020-இல் வெக்ஸாஸ் என்று ஒன்று வெளியே வந்தது. பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு வருவது. பெற்றோரிடமிருந்து வராமல் நடுவயதில் எலும்பு மஜ்ஜையில் ஏற்படும் மரபணு மாற்றத்தால் வருவது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நோய்களும் உண்டு. ஸ்டில் நோய் அப்படிப்பட்டது. கௌட்கூட ஒருவகையில் இந்தப் பக்கம்தான்: யூரிக் அமிலப் படிகம் முதல் அடுக்கைத் தூண்டிவிட்டு, இன்டர்லூகின்-1 என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது என்று 2006-இல் காட்டினார்கள். தாத்தாவின் கட்டைவிரல் வீங்கும்போது கொடுக்கும் கால்ச்சிசின் மாத்திரையைத்தான் 1972 முதல் மத்தியதரைக்கடல் காய்ச்சலுக்கும் கொடுத்து வருகிறார்கள்.

நல்ல மருந்துகள் வந்துவிட்டனவே, இன்னும் எதற்கு ஆய்வு?

வந்திருப்பது உண்மைதான். வாரத்துக்கு ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட், 1998 முதல் வந்த, டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசிகள், அப்புறம் செல்லுக்குள் அழற்சிச் செய்தி போவதைத் தடுக்கும் ஜேக் மாத்திரைகள். (மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறைதான். தினமும் போட்டு ஆபத்தில் முடிந்த கதைகள் உலகம் முழுக்க உண்டு, அதனால் எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.) ஆனால் எல்லோருக்கும் எல்லாம் கேட்பதில்லை. யாருக்கு எது கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் வழி இல்லை. நோய் அடங்கிய பிறகு மருந்தை எப்போது குறைக்கலாம் என்பதும் தெளிவாக இல்லை. இன்னொன்று, இந்த மருந்துகளைச் சோதித்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள். சர்க்கரையும் இதய நோயும் வீட்டுக்கு வீடு இருக்கிற, காசநோய் சர்வசாதாரணமாக இருக்கிற நம் ஊரில் அதே மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதை இங்கே பார்த்தால்தான் தெரியும்.

ஆய்வு என்றாலே புது மருந்தை நம் மேல் சோதிப்பதுதானா?

இல்லை. பல ஆய்வுகளில் மருந்தே கிடையாது. உங்கள் வழக்கமான சிகிச்சை அப்படியே தொடரும். ரத்தம், கேள்வித்தாள், சில சமயம் மரபணுப் பரிசோதனை, அவ்வளவுதான். அரிய நோய்களில் இந்த மாதிரி ஆய்வுகள்தான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். காய்ச்சல் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, பத்து வருடத்தில் சிறுநீரகம் என்ன ஆகிறது என்று தெரியாமல் மருந்து கண்டுபிடிக்க முடியாது.

மருந்து ஆய்வில் நான்கு கட்டங்கள். முதல் கட்டம் சிலரிடம், பாதுகாப்பு பார்க்க. இரண்டாவது, அளவு பார்க்க. மூன்றாவது, நூற்றுக்கணக்கானவர்களிடம், ஏற்கனவே உள்ள சிகிச்சையோடு ஒப்பிட. நான்காவது, மருந்து கடைக்கு வந்த பிறகு.

நான்காவது கட்டத்தை மக்கள் லேசாக நினைக்கிறார்கள், எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஜேக் வகையைச் சேர்ந்த டோஃபாசிட்டினிப் மாத்திரை 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்போதே, நீண்ட காலப் பாதுகாப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 50 வயதோ அதற்கு மேலோ ஆன, இதய நோய்க்கான ஆபத்துக் காரணம் ஒன்றாவது உள்ள 4362 முடக்குவாத நோயாளிகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். 2022-இல் வெளிவந்த முடிவு: டி.என்.எஃப். ஊசி போட்டவர்களைவிட இந்த மாத்திரை போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதல். இன்றைக்கு உங்கள் டாக்டர் ஜேக் மாத்திரை எழுதும் முன் புகைப்பழக்கம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் கேட்கிறார் என்றால், அந்த 4362 பேர் தந்த தகவலும் அதற்கு ஒரு காரணம்.

டம்மி மருந்து கொடுத்து ஏமாற்றுவார்களா?

டம்மி கொடுக்கலாம், ஏமாற்ற முடியாது. டம்மி வர வாய்ப்பு உண்டா, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். உங்களுக்கு வந்தது எது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அவசரம் என்றால் உறையைப் பிரித்துப் பார்க்க வழி வைத்திருப்பார்கள்.

முடக்குவாத ஆய்வுகளில் சும்மா வெறும் டம்மியோடு உங்களை விட்டுவிடுவது இப்போது அரிது. வழக்கமாக மெத்தோட்ரெக்ஸேட் தொடரும். அதன் மேல் புது மருந்தோ டம்மியோ சேரும். குறிப்பிட்ட வாரத்துக்குள் வீக்கம் குறையவில்லை என்றால் மாற்று மருந்துக்குப் போய்விடுவார்கள்.

தன்னழற்சி நோய்களில் முறை கொஞ்சம் வேறு. ஆட்கள் கிடைப்பதே அரிது என்பதால், முதலில் எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, குணம் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு நிறுத்திப் பார்ப்பார்கள். கேப்ஸ் என்ற நோய்க்குக் கனாகினுமாப் ஊசியை இப்படித்தான் சோதித்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வில் மொத்தமே 35 பேர். நிறுத்திப் பார்க்கும் பகுதியில் மருந்து தொடர்ந்த 15 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. டம்மி பெற்ற 16 பேரில் 13 பேருக்குத் திரும்பியது. இவ்வளவு தெளிவான விடை வர ஆயிரம் பேர் தேவைப்படவில்லை. ஆனால் அந்த 13 பேரும் மறுபடி காய்ச்சலில் படுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நிறுத்திப் பார்க்கும் ஆய்வு என்றால் "திரும்பி வந்தால் எத்தனை மணி நேரத்தில் மருந்து தருவீர்கள், இரவில் யாரைக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்க்கும் முன் ஏன் காசநோய் சோதனை? எனக்கு இருமலே இல்லையே?

இருமல் இல்லாமலேயே காசநோய்க் கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கலாம். நம் நாட்டில் அப்படி இருப்பவர்கள் ஏராளம். அதை அடக்கி வைத்திருக்கும் வேலையில் டி.என்.எஃப்.-க்குப் பெரிய பங்கு. டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் ஊசி போட்டால் கிருமி விழித்துக்கொள்ளலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசிக்குப் பிறகு காசநோய் வந்த 70 பேரைப் பற்றிய கட்டுரை 2001-இல் வந்தது; அதற்கப்புறம்தான் உலகம் முழுக்க முன்சோதனை கட்டாயமாயிற்று. அதனால் நெஞ்சு எக்ஸ்ரே, கையில் தோல் ஊசி அல்லது குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை, கூடவே ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பார்ப்பார்கள்.

தூங்கும் கிருமி இருப்பது தெரிந்தால் ஐசோனியசிட் போன்ற தடுப்பு மாத்திரை கொடுத்துவிட்டு, பிறகு சேர்க்கும் ஆய்வுகளும் உண்டு. இங்கே நம்மவர்கள் ஒன்றை மறைப்பார்கள்: வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்றால் "அய்யய்யோ, எங்கள் வீட்டில் இல்லை" என்பார்கள். மாமாவுக்கு இருந்தது, ஆயாவுக்கு இருந்தது என்றால் சொல்லுங்கள். அதில் மானம் போக ஒன்றுமில்லை, மறைத்தால்தான் உயிருக்கு வம்பு.

ஒவ்வொரு வருகையிலும் என்ன செய்வார்கள்?

ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், கேள்வித்தாள். இவற்றைவிட முக்கியமானது மூட்டு எண்ணிக்கை. அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் உங்கள் 28 மூட்டுகளை வரிசையாக அழுத்திப் பார்ப்பார்: இரண்டு தோள், இரண்டு முழங்கை, இரண்டு மணிக்கட்டு, விரல்களின் அடிமூட்டு பத்து, நடுமூட்டு பத்து, இரண்டு முழங்கால். அழுத்துகிறவரின் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தம் இருக்கும். வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறிப்பார். பாதம் இந்த எண்ணிக்கையில் இல்லை. உங்கள் வலி முழுக்கப் பாதத்தில்தான் என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கையில் நீங்கள் நலமாகத் தெரிவீர்கள்.

மூட்டை எண்ணுகிறவரிடம் மட்டும் ஊசி போட்ட இடம் சிவந்தது, மாத்திரைக்குப் பிறகு வயிறு கலங்கியது என்றெல்லாம் பேசாதீர்கள். நீங்கள் எந்த மருந்தில் இருக்கிறீர்கள் என்று அவர் ஊகிக்கக்கூடாது என்பதற்காகவே அவரைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லுங்கள்.

அப்புறம் பத்து சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்று வரும். இடது முனை வலியே இல்லை, வலது முனை தாங்கமுடியாத வலி. இந்த வாரம் எப்படி இருந்தது என்று ஒரு குறுக்குக் கோடு போட வேண்டும். நம் அம்மாமார்கள் பேனாவை வாங்கியதும் டாக்டர் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு "இவ்வளவு செய்கிறாரே பாவம்" என்று இடது பக்கமாகப் போட்டுவிடுவார்கள். வெளியே வந்து, காலையில் ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை, பேத்திக்குப் பின்னல் போட முடியவில்லை என்று என்னிடம் சொல்வார்கள். அந்தக் கோட்டை டாக்டருக்கு மரியாதையாகப் போடாதீர்கள். உள்ளதைப் போடுங்கள். மருந்து வேலை செய்யவில்லை என்றால் அது தெரிய வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

புரட்டாசி விரதம், காவடி, தீமிதி இருக்கிறதே?

இதைக் கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம், அதனால் விரிவாகச் சொல்கிறேன். புரட்டாசி மாதம் கறி சாப்பிடாமல் இருப்பதால் ஆய்வுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஒருவேளை சாப்பாடு, பகல் முழுக்கப் பட்டினி என்று போனால் மட்டும் முன்பே சொல்ல வேண்டும். வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடக் கூடாது. சில ரத்தப் பரிசோதனை அளவுகளும் மாறும். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு ஆட்டுக்கறியும் பீருமாகக் கொண்டாடினால் கௌட் உள்ளவர்களுக்குத் திங்கட்கிழமை தெரிந்துவிடும்.

காவடியில் அலகு குத்துவதும் தீமிதியும் வேறு விஷயம். டி.என்.எஃப். தடுப்பு ஊசி போன்ற பயாலஜிக் ஊசியோ ஜேக் மாத்திரையோ போடுகிறவர்களுக்குச் சின்னக் காயத்தில்கூடக் கிருமி சீக்கிரம் ஏறும். முக்கியமாக, காய்ச்சல் வராமலேயே ஏறலாம், ஏனென்றால் காய்ச்சலை எழுப்பும் பொருளைத்தான் சில மருந்துகள் தடுக்கின்றன. நேர்த்திக்கடன் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தைப்பூசமோ, மவுண்ட் எட்ஜ்கும்பிலும் இசிப்பிங்கோவிலும் புனித வெள்ளியில் நடக்கும் மாரியம்மன் விழாவோ, தேதியை ஆய்வுக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இந்த வருடம் அலகுக்குப் பதில் பால்குடம் எடுக்கலாமா என்று குருக்களிடமும் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்.

நாட்டு மருந்தை நிறுத்த வேண்டுமா?

முதலில் சொல்ல வேண்டும்; நிறுத்துவதா இல்லையா என்பது அடுத்தது. கஷாயம், லேகியம், இந்தியாவிலிருந்து வரும் பொடி மட்டுமல்ல. இங்கேயே விளைந்து மூட்டு வலிக்கென்று விற்கப்படும் டெவில்ஸ் க்ளா, ஆப்பிரிக்கன் பொட்டேட்டோ எல்லாமே கணக்கில் வரும். சில மூலிகைகள் கல்லீரல் மருந்தை உடைக்கும் வேகத்தை மாற்றுகின்றன, சில ரத்தத்தை இளக்குகின்றன. ஊர் பெயர் தெரியாத சில பொடிகளில் ஸ்டெராய்டு கலந்திருப்பதும் உண்டு. அப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே ஆய்வில் இருந்தால், மூட்டு வீக்கம் இறங்கியது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. புட்டியோடு கொண்டு வாருங்கள்.

ஊசியை வீட்டில் வைத்துப் போடச் சொல்கிறார்கள். லோட்ஷெடிங் வந்தால்?

இந்த ஊசிகள் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், கதவில் அல்லாமல், உறைபெட்டிக்குப் பக்கத்திலும் அல்லாமல் வையுங்கள். சில மணி நேரம் கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டாலே போதும். அதற்கு மேல் போனால் ஊசியைப் போடாமல் மையத்துக்கு போன் செய்யுங்கள். பயந்துகொண்டு ஐஸுக்குள் புதைக்க வேண்டாம். உறைந்த ஊசி வீண். காலி ஊசிகளையும் எறியாமல் கொண்டு வர வேண்டும், எண்ணிப் பார்ப்பார்கள்.

கர்ப்பம் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

மெத்தோட்ரெக்ஸேட் வயிற்றில் உள்ள குழந்தையைச் சிதைக்கும். புது மருந்து என்ன செய்யும் என்பதற்குப் பெரும்பாலும் தகவலே இருக்காது. அதனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குத் திரும்பத் திரும்பக் கர்ப்பப் பரிசோதனையும் கருத்தடையும் நிபந்தனை. சில ஆய்வுகளில் ஆண்களுக்கும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பேச்சு வந்தால் மருமகள் தலையைக் குனிந்துகொள்வாள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. குழந்தைக்குத் திட்டம் இருந்தால் இந்த ஆய்வு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது.

படிவம் ஆங்கிலத்திலும் ஸூலுவிலும் இருக்கிறது. அம்மாவுக்குத் தமிழ்தான் புரியும். என்ன செய்வது?

நம் அரசியல் சாசனம் மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதற்காக ஆட்சிமொழி ஆகிவிடவில்லை. தமிழில் அச்சடித்த படிவத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் புரியும் மொழியில் விளக்கிச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து செல்லாது. விளக்க ஆள் கேளுங்கள். வாசிக்க முடியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும்.

மகன் மொழிபெயர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பக்கவிளைவு என்று ஒன்றரைப் பக்கம் இருப்பதை "ஒன்றும் இல்லைம்மா, கொஞ்சம் தலைவலி வரலாம்" என்று முடித்துவிடுவான். அன்பில்தான். ஆனால் ஊசி ஏறப்போவது அம்மாவின் உடம்பில். அம்மா தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும்: எதற்கு இந்த ஆய்வு, என்ன கொடுப்பார்கள், என்ன ஆகலாம், வேண்டாம் என்றால் என்ன. அது வராதவரை பேனாவை எடுக்க வேண்டாம்.

பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

தன்னழற்சி நோய்கள் பலவும் சின்ன வயதிலேயே தொடங்குவதால் பிள்ளைகளிடம் ஆய்வு செய்யாமல் முடியாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 71-ஆவது பிரிவுப்படி பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். புரிந்துகொள்ளும் வயது வந்த பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பத்து வயதுப் பையன் "எனக்கு வேண்டாம்" என்றால் அதையும் கேட்டே ஆக வேண்டும்.

மரபணு சோதனையால் பெண்ணின் கல்யாணத்துக்குப் பிரச்சினை வருமா? ரத்தம் வெளிநாடு போகுமா?

முதலில் மருத்துவம். சில தன்னழற்சி நோய்கள் பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். சில, இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியிருந்தால் இரண்டாவது வகைக்கு வாய்ப்புக் கூடும். பெற்றோர் இருவரிடமும் அந்தப் பழுது ஒவ்வொன்று இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால் டாக்டர் வம்சாவளி கேட்டால் நாகரிகக் குறைவாக நினைக்க வேண்டாம். ஒரு மரபணு மட்டும் பழுதாக உள்ளவர் பொதுவாக நலமாகவே இருப்பார்.

அடுத்து ரகசியம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. உடல்நலத் தகவலுக்குக் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. பெயருக்குப் பதில் எண் போடுவார்கள். நோய் மிக அரிதாக இருக்கும்போது அது மட்டும் போதாது என்பது என் கருத்து. வெரூலத்தில் வசிக்கும் இத்தனை வயதுத் தமிழ்ப் பெண், இன்ன காய்ச்சல் என்று கட்டுரையில் எழுதினால் நம் சமூகத்தில் யார் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். ஊர், வயது, இனம் எவ்வளவு விவரமாக வெளியாகும் என்று கேளுங்கள்.

ரத்தமும் மரபணு மாதிரியும் வெளிநாட்டு ஆய்வகம் போவது சகஜம். அதற்கு ஏற்றுமதி அனுமதியும், இரு தரப்பும் கையெழுத்திட்ட மாதிரி மாற்று ஒப்பந்தமும் வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் வடிவத்தை அரசு 2018-இல் அரசிதழில் வெளியிட்டது. எதிர்காலத்தில் வேறு ஆய்வுக்கு என் மாதிரியைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்குப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கும். அங்கே "இல்லை" என்று போட்டாலும் முக்கிய ஆய்வில் பெரும்பாலும் சேரலாம்.

காசு தருவார்களா?

நேரம், சிரமம், செலவு என்ற மூன்றுக்கும் கணக்குப் பார்த்து ஒரு தொகை தருவார்கள். சம்பளம் இல்லை. நீங்கள் எதற்கும் பணம் கட்டத் தேவையும் இல்லை. யாராவது சேர்த்துவிடுகிறேன் என்று உங்களிடம் பணம் கேட்டால் அது ஆய்வு அல்ல, மோசடி.

ஆய்வு முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா?

முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலோர் கடைசி நாளில் கேட்கிறார்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன்: நம்மில் பலர் ஆய்வில் சேர்வது அறிவியலுக்காக அல்ல, கையில் பணமில்லாமல். முடக்குவாதம், மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு கட்டாயமாகச் சிகிச்சை தர வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருப்பதால் விலை கூடிய பயாலஜிக் ஊசி எல்லாத் திட்டத்திலும் கிடைத்துவிடாது. முதுகெலும்பைப் பிடிக்கும் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அரசு மருத்துவமனையில் வரிசை நீளம். அப்படியிருக்க, ஆய்வு என்ற கதவு திறந்தால் யார்தான் நுழையாமல் இருப்பார்கள்?

நுழைவதில் தப்பில்லை. ஆனால் ஆய்வு உங்களுக்குச் சிகிச்சை தருவதற்காக நடத்தப்படுவதில்லை. ஒரு கேள்விக்கு விடை தேட நடத்தப்படுகிறது. விடை கிடைத்ததும் முடிந்துவிடும். மூன்று வருடம் விரல் நிமிர்ந்து, வேலைக்குப் போய், பிறகு ஒரு வெள்ளிக்கிழமை "இதுதான் கடைசி ஊசி" என்று கேட்பது எவ்வளவு கொடுமை என்பதைப் பார்த்திருக்கிறேன். நல்ல மருந்து என்று நிரூபிக்க உதவியவருக்கே அது எட்டாத விலையில் நிற்கும்.

மருத்துவ ஆய்வு நெறிமுறைக்கான உலக ஆவணமான ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வுக்குப் பிறகு மருந்து தொடர என்ன ஏற்பாடு என்பதை முன்பே திட்டமிட்டு, சேர்கிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஆகவே கேளுங்கள்: நீட்டிப்புக் கட்டம் உண்டா? எத்தனை வருடம்? மருந்து இந்த நாட்டில் பதிவாகும் வரை தருவீர்களா, பதிவான பிறகு நிறுத்திவிடுவீர்களா? நிறுவனம் பாதியில் ஆய்வைக் கைவிட்டால் என்ன? நிறுத்தினால் என் டாக்டர் எந்த மருந்துக்கு மாற்றுவார்? அரிய நோய்க்கு இங்கே பதிவாகாத மருந்து என்றால், மருந்துச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின் கீழ் குறிப்பிட்ட நோயாளிக்கென்று அனுமதி வாங்க டாக்டர் விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தாலும் பணம் யார் கட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கும். பதில்களை எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்பது பதில் இல்லை.

ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

2006 மார்ச்சில் லண்டனில் டி.ஜி.என். 1412 என்ற மருந்தின் முதல் கட்ட ஆய்வு நடந்தது. முடக்குவாதத்துக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் என்று தயாரான மருந்து. ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள். மருந்து நிறுவனம் திவாலானது. அதற்குப் பிறகு முதன்முறை மனிதருக்குக் கொடுக்கும்போது ஒருவருக்குக் கொடுத்து, காத்திருந்து, பிறகே அடுத்தவருக்கு என்ற வழக்கம் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் மருந்து ஆய்வு நடத்துகிறவர்கள் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். யார் தவறு என்று நிரூபிக்காமலேயே, ஆய்வு மருந்தால் வந்த பாதிப்புக்குச் சிகிச்சையும் இழப்பீடும் தரும் வகையில் அது இருக்க வேண்டும். படிவத்தில் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள். எதெல்லாம் அதில் சேராது என்ற வரிகளையும்.

இது உண்மையான ஆய்வுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மருந்து ஆய்வுக்கு இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று 2018 முதல் இயங்கும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ரா தருவது. இன்னொன்று நெறிமுறைக் குழு தருவது. இங்கே குவாஸுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் உயிரிமருத்துவ நெறிமுறைக் குழு ஒரு உதாரணம். இரண்டின் தொலைபேசி எண்ணும் படிவத்தில் இருக்கும். டாக்டரைப் பற்றிப் புகார் என்றால் டாக்டரிடம் போக வேண்டியதில்லை, நேராகக் குழுவையே அழைக்கலாம். தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வின் எண்ணைப் போட்டும் தேடலாம்.

உங்கள் கோப்பை வெளியாள் ஒருவர் வந்து புரட்டுவதைப் பார்த்துச் சிலர் கலவரப்படுவார்கள். அவர் தணிக்கையாளர். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மார்பகப் புற்றுநோய் ஆய்வு ஒன்றில் தகவல் பொய்யாக்கப்பட்டது 2000-இல் அம்பலமானது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கோப்புகளைப் புரட்டிப் பார்த்ததால்தான். புரட்டட்டும், விடுங்கள்.

பாதியில் விலகலாமா? டாக்டர் கோபித்துக்கொள்வாரா?

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, வழக்கமான சிகிச்சை தொடரும். டாக்டருக்கு மனவருத்தம் இருக்கலாம். அது அவர் பாடு. மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், கடைசி ரத்தப் பரிசோதனையும் உங்கள் பாதுகாப்புக்கே.

கடைசியில் முடிவு எனக்குத் தெரியுமா?

கேட்டால் தெரியும். எல்லோருடைய கணக்கும் முடிந்து உறை பிரிக்கப்பட்ட பிறகுதான் நீங்கள் மருந்தில் இருந்தீர்களா டம்மியில் இருந்தீர்களா என்று சொல்ல முடியும். அதற்கு நீங்கள் விலகிய நாளிலிருந்து ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம். பதிவேட்டில் முடிவின் சுருக்கம் வரும். போன் எண் மாறினால் மையத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். முடிவைச் சொல்லக் கூப்பிடும்போது பாதி எண்கள் வேலை செய்வதில்லை.